முகாமுக்கு உதவப் போகிறவர்களுக்கு

இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்கு நான் தொடர்ந்து சென்றுவருகிறேன் என்று தெரிந்ததும் நண்பர்களும் உறவினர்களும் முதலில் கேட்பது, பழைய துணிகளை எங்கே கொண்டுவந்து கொடுக்கலாம் என்பதுதான். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த முகாமில் ஒருவர்கூட என்னிடம் துணி கேட்டதில்லை. அவர்கள் கேட்டவை வேறு: கல்லூரி விண்ணப்பத்தில் நாட்டினம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது, வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு யாருடைய மேசையில் இருக்கிறது, இங்கே பிறந்த மகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவு எப்படிச் செய்வது, மருத்துவமனைக்குத் துணைக்கு வர முடியுமா. கரையேறிய முதல் சில வாரங்களில் உணவும் உடையும் உயிர் காக்கும். அதற்குப் பின் வரும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குத் தேவைப்படுவது, தமக்குரிய தாள்களைப் பெறவும் தம் வாழ்க்கையைத் தாமே தீர்மானிக்கவும் பாதியில் விட்டுப்போகாமல் கூட நிற்கும் ஒரு துணை. அந்தத் துணையை எப்படித் தருவது என்று நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பள்ளியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் முகாம் இருந்ததால் என் வகுப்புகளில் எப்போதும் முகாம் பிள்ளைகள் இருந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பாக மாலையில் முகாமின் பொதுக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதுதான் முதல் தொடர்பு. பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பும்போது பெற்றோரின் தாள்களைப் பார்க்க வேண்டி வந்தது. அந்த மக்களின் நிலையை நான் அறிந்தது பெரும்பாலும் அந்தத் தாள்களின் வழியாகத்தான். முகாமுக்குள் வெளியார் வந்து வகுப்போ கூட்டமோ நடத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உதவ விரும்புகிறவர்கள் முதல் வேலையாக அதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் நுழைந்தால் கேள்விக்கு உள்ளாகிறவர்கள் நாமல்ல, நம்மை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த குடும்பத்தினர்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு மக்கள் படகுகளில் இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோதும், 1996-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், 2006-க்குப் பிறகும் அடுத்தடுத்து வந்தார்கள். மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். பலர் திரும்பினார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். தமிழகமெங்கும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட முகாம்களில் இன்று ஏறக்குறைய 58,000 பேர் வாழ்கிறார்கள். இன்னும் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் காவல் நிலையத்தில் பதிவுசெய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். வருகிறவர்களை முதலில் வைத்திருக்கும், இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் என்ற ஊரில் உள்ள முகாம், ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம். அதே தொழிலாளர்களின் பேரன் பேத்திகளில் பலர் பின்னாளில் அதே மண்டபத்தில் அகதிகளாக வந்து இறங்கினார்கள் என்பதை அறிந்தபோது, இந்த மக்களை ஒரே கூட்டமாக எண்ணிப் பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

இந்த வேறுபாடு உதவியின் தன்மையையே மாற்றுகிறது. எங்கள் முகாமில் மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலைப் பகுதிகளைச் சேர்ந்த மீனவர்களும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களில் முதியவர்கள் பலருக்கு அங்கே காணியும் உறவும் இன்னும் உண்டு. இவர்களோடு, அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் பிரித்தது. 1977-லும் அதற்குப் பிறகும் தோட்டங்களில் நடந்த வன்முறைக்கு அஞ்சி வட இலங்கையின் வன்னிப் பகுதிக்குப் போன மலையகக் குடும்பங்கள், அங்கே போர் வந்ததும் கடல் கடந்தன. இவர்களுக்குத் திரும்பிப்போகச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை. பாட்டனாரின் பூர்வீகம் இதே தமிழகத்தில் இருந்தும் அவர்கள் இங்கே அயல்நாட்டவர். ஆகவே ஒரு குடும்பத்தைப் பார்க்கும்போது ஊர் எது என்பதோடு, ஊருக்கு முந்தைய ஊர் எது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பழைய இந்தியக் கடவுச்சீட்டோ ஒப்பந்தக் காலத்து விண்ணப்பமோ ஏதேனும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தால், அந்தக் குடும்பம் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறாகிவிடும்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஆகவே அவர்கள் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டவர்கள். உரிய பயண ஆவணமின்றி வந்தவர்களைக் குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்துவதால், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. சிலருக்கு அந்த வழியைத் திறந்த, 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை ஆகாது என்றாலும், எந்த நேரமும் வழக்கு வரலாம் என்ற அச்சத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல்தான்.

பிறப்பால் வரும் குடியுரிமையில்தான் தேதிகள் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அந்த நாளிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இதனால் எங்கள் முகாமில் ஒரே வீட்டில் 1986-இல் பிறந்த அண்ணன் சட்டப்படி இந்தியராகவும், 1991-இல் பிறந்த தங்கை அயல்நாட்டவராகவும் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பையனைத் திருமணம் செய்துகொண்ட முகாம் பெண்ணின் குழந்தைகளுக்கும் இதே சிக்கல் வருகிறது. தகப்பன் இந்தியர் என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த ஒரு தாய்க்கு இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அவருடைய அம்மா, முல்லைத்தீவுக்காரர், பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ரீச்சர், நாங்கள் என்னென்ன பட்டு வந்தம் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. எந்தத் திகதியில பிறந்தம் எண்டுதான் எல்லாரும் கேக்கினம்.”

அந்தத் தேதியையே நாம் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு உதவத் தொடங்கும்போது நான் ஒரு கோப்பு போடுகிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறந்த நாள், பிறந்த இடம், கரையேறிய நாள், முகாம் பதிவு, ஆதார், பள்ளிச் சான்றுகள், இலங்கைத் தாள்கள் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று ஒரே தாளில் எழுதுகிறோம். பெயரின் எழுத்துக்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கரையேறிய நாளில் களைத்துப்போயிருந்தவர்களிடம் கேட்டு யாரோ அவசரமாக எழுதிய பெயர், ஆதாரில் ஒருவிதமாகவும் மாற்றுச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருக்கும். அந்த ஓர் எழுத்து வேறுபாடு பின்னால் வங்கிக் கடனையும் கல்லூரிச் சேர்க்கையையும் நிறுத்திவிடும். மூலத் தாள்களை நான் ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. நகல் எடுத்ததும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களிடமிருந்து, எவ்வளவு நல்ல காரணத்துக்காகவும், தாளைப் பறித்துச் செல்லும் உரிமை நமக்கில்லை.

முகாமின் அன்றாட ஒழுங்கை அறியாமல் செய்யும் உதவி இடையூறாகவே முடியும். மாதந்தோறும் வருவாய்த்துறையினர் வந்து ஆட்களை நேரில் பார்த்துக் கணக்கெடுப்பார்கள். அதற்குப் பிறகே உதவித்தொகை வரும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட திட்டங்களை அறிவித்தபோது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று தொகையை உயர்த்தியது. பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதியவை கட்டவும் அப்போதுதான் முடிவாயிற்று. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த குடும்பங்கள் கதவும் கழிப்பறையும் உள்ள வீட்டுக்கு மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். பெண்பிள்ளைகள் இரவில் விளக்கைப் போட்டுப் படிக்க முடிந்ததே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஆண்களில் பெரும்பாலானோர் வெளியூர் போய்ப் பெயிண்டிங் வேலை செய்கிறார்கள். கணக்கெடுப்பு நாளில் வேலையை விட்டுத் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே மருத்துவ முகாமோ ஆலோசனைக் கூட்டமோ வைப்பவர்கள் அந்த நாளையும், ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டறிந்த பிறகே தேதி குறிக்க வேண்டும். வேலை நாளில் கூட்டம் வைத்து, வந்தவர்கள் பெண்களும் கிழவர்களும் மட்டுமே என்று குறைபட்டுக்கொள்வது நியாயமன்று.

படிப்பில் முகாம் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்ற எண்ணம் தவறானது. படித்தால்தான் எதையாவது எடுத்துச்செல்ல முடியும் என்று பெற்றோர் சொல்லி வளர்க்கிறார்கள். 1984-இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பும் பல ஆண்டுகளாக மாலை வகுப்புகளையும் கல்வி உதவிகளையும் நடத்திவருகின்றன. புதிதாக உதவ வருகிறவர்கள் தனியாக ஒன்றைத் தொடங்குவதைவிட இவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. சிக்கல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் வருகிறது. குடியுரிமை இல்லாததால் அரசுப் பணிக்கு வழியில்லை, மருத்துவப் படிப்பு எட்டாக்கனி. பொறியியல் முடித்த என் மாணவன் ஒருவனுக்கு வேலை உறுதியானது, பின்னணிச் சரிபார்ப்பில் கடவுச்சீட்டு கேட்டார்கள், இல்லையென்றதும் அந்த நிறுவனம் பதில் சொல்வதையே நிறுத்திக்கொண்டது. அவன் தகப்பனோடு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போன காலை எனக்கு இன்றும் வேதனை தருகிறது. அதைப் பார்த்து அவனுக்குப் பின்னால் படித்த பிள்ளைகள் சிலர் படிப்பை நிறுத்தவே நினைத்தார்கள்.

இங்கேதான் வெளியில் இருப்பவர்களால் பெரிதும் உதவ முடியும். சிறு, நடுத்தர நிறுவனம் நடத்துகிறவர்கள், பணியாளர் தேர்வுத் துறையில் இருப்பவர்கள், கணக்காளர்கள் ஆகியோர் ஆதாரும் முகாம் அடையாள அட்டையும் உள்ள ஒருவரை வேலைக்கு எடுப்பதில் உண்மையில் என்ன தடை இருக்கிறது, எது வெறும் பழக்கத்தால் வந்த தயக்கம் என்று பிரித்துப் பார்த்துச் சொல்லலாம். நான் எழுதிக் கொடுத்த பத்துப் பரிந்துரைக் கடிதங்கள் செய்யாததை, என் பழைய மாணவி ஒருத்தி தன் அலுவலகத்தில் உயர் அதிகாரியிடம் நேரில் பேசிய ஒரு பேச்சு செய்தது. வெளிநாட்டுப் பயணம் தேவைப்படாத கணக்கு, வடிவமைப்பு, மென்பொருள் சோதனை, செவிலியம் போன்ற துறைகளில் முதல் ஆள் நுழைந்துவிட்டால் அடுத்தவருக்குக் கதவு எளிதில் திறக்கிறது.

எப்படி வந்தீர்கள் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் வழி முப்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் அந்தத் தொலைவை இரவில், கூட்டம் நிறைந்த படகில், குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தவர்கள் இருக்கிறார்கள். படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விட, தண்ணீர் இல்லாமல் வெயிலில் காத்துக்கிடந்தவர்களும் உண்டு. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது வந்தவர்களும் இதே திட்டுகளில் நின்றவர்கள்தான். பல ஆண்டுகள் பழகிய பிறகு ஒரு தாய், அரிசி புடைத்துக்கொண்டே, அந்தத் திட்டில் தன் கைக்குழந்தையை இழந்ததைத் தானாகச் சொன்னார். நான் அப்போது எதுவும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, கூட அமர்ந்திருந்தேன். அப்படி ஒருவர் சொன்னதை வேறொரு இடத்தில் எடுத்துச் சொல்லவும் கூடாது. இங்கே எழுத அவருடைய ஒப்புதலைக் கேட்டுப் பெற்றிருக்கிறேன். உறக்கமின்மை, குடி, திடீர்க் கோபம் என்று வெளிப்படும் துயரத்துக்குப் பேச்சுத்துணை மட்டும் போதாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 104 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். பெண்களுக்கு வீட்டில் ஆபத்து என்றால் 181. முகாம்வாசி என்பதால் இவை மறுக்கப்படுவதில்லை என்பதை முதலில் நாம் அழைத்துக் காட்டினால், அடுத்தமுறை அவர்களே அழைக்கிறார்கள்.

திரும்பிப்போவதா இங்கேயே இருப்பதா என்ற கேள்வியில் நம் கருத்துக்கு இடமில்லை. ஊருக்குப் போய்விடுங்கள், போர்தான் 2009-லேயே முடிந்துவிட்டதே என்று சொல்பவர்களையும், அங்கே போகவே போகாதீர்கள் என்று உணர்ச்சிவசப்படுபவர்களையும் முகாம் மக்கள் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள், இருவரிடமிருந்தும் அவர்களுக்குப் பயனில்லை. பயன் தருவது தகவல். ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் விரும்பித் திரும்புகிறவர்களுக்குத் துணைசெய்து வந்திருக்கிறது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும், இந்தியாவிலிருந்து வெளியேறும் அனுமதியும் பெற வேண்டும். காணி உறுதியின் (நிலப் பத்திரத்தின்) நகல், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நீரிழிவு மாத்திரைச் சீட்டு ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே ஒழுங்கு செய்தவர்கள் அங்கே போய்த் தவிக்கவில்லை. ஒரே குடும்பத்தில் தாத்தா திரும்ப விரும்புவார், இங்கே பிறந்து வளர்ந்த பேத்தி மறுப்பாள். அந்த வீட்டில் நாம் யார் பக்கமும் சேரக் கூடாது, இருவருக்கும் தாள்களைத் தயார்செய்து கொடுக்கலாம்.

பொருளுதவி செய்யவே விரும்புகிறவர்களுக்கும் வழியிருக்கிறது. முகாமில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சுய உதவிக் குழுவிடம் கேட்டால் என்ன வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். எங்கள் முகாமில் அது தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, சானிட்டரி நாப்கின், நகல் எடுக்கும் செலவு, பெயிண்டிங் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கயிறு என்று இருந்தது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்குச் செய்யும் செலவைவிட அந்தக் கயிற்றின் விலை எவ்வளவோ குறைவு. கொடுக்கும்போது படம் எடுத்துப் பொதுவெளியில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். என் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி, தன்னை நோட்டுப்புத்தகத்தோடு வரிசையில் நிற்கவைத்து எடுத்த படத்தைக் கல்லூரித் தோழிகள் கண்டுபிடித்துப் பார்த்த நாளில் விடுதி அறையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு வாரம் வந்து பெரிய வாக்குறுதிகள் தந்துவிட்டு மறைந்துபோகிறவர்களாலும் இதே அளவு காயம் உண்டாகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டுமே முடியுமென்றால் அதைச் சொல்லி, அந்த ஒரு ஞாயிறு தவறாமல் போக வேண்டும்.

இவையெல்லாம் மற்ற அகதிகளுக்கு அப்படியே பொருந்தா. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் வாழும், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா குடும்பங்களுக்கு மாத உதவித்தொகை போன்ற ஏற்பாடுகள் இல்லை, மொழியும் வேறு. அவர்களுக்கு முதல் தேவை மருத்துவரிடம் தம் வலியைச் சொல்ல உதவும் மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம். அதையும் அவர்களிடம் கேட்டே அறிய வேண்டும்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் குறிப்பிட வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, அவர் பிறப்பால் இந்தியர் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவரைப் போல 1983-க்கும் 1987 ஜூலைக்கும் இடையில் இங்கே பிறந்தவர்கள் முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பதிவாகாத பிறப்பை இப்போதும் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவோடு பதிவுசெய்யலாம். அதற்கு மருத்துவமனைப் பிரசவப் பதிவேடு, முதல் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, அக்காலத்து முகாம் பதிவேடு போன்ற சான்றுகள் வேண்டும், அவை நாற்பதாண்டுப் பழைய தாள்கள், கறையானுக்கும் மழைக்கும் தப்பியவை மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இனவன்முறையால் பாதிக்கப்பட்டவர்களும் பெண்களும் சிறுவர்களும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி கட்டணமில்லாத வழக்கறிஞர் உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் முகாம் இருந்தால், அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் யார் யார் என்று முகாம் தலைவரிடம் கேட்டு, ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவரோடு அந்தப் பதிவேட்டைத் தேடிப் போங்கள். சான்றிதழ் அவர் கைக்கு வரும்வரை கூடவே போங்கள்.